தொப்பிக்காரர் படத்தின் நடுவில் வந்த ஆள்

என் அப்பா பேசியதை ஃபார்வர்டு போட்டு ஓட்டியவன் நீ. ஒரு தடவை இல்லை, பல தடவை. சிரித்துக்கொண்டே ஓட்டியதாக நீயே எழுதியிருக்கிறாய்.

யாரைச் சொல்கிறேன் என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். அஜ்மானில் நம் கட்டடத்தின் கீழே வீடியோக்கடை வைத்திருந்த மாமாவின் மகனைத்தான் சொல்கிறேன். போன வருடம் நம் பழைய மாணவர் மலரில் தொப்பிக்காரரைப் பற்றி அவன் எழுதிய கட்டுரையை எல்லாரும் படித்தீர்கள். நன்றாக இருக்கிறது என்று பாராட்டினீர்கள். நானும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வரிக்கு வருகிறேன். அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். நான் எழுதிப் பழகியவள் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன். முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொப்பிக்காரர் என்றால் குதிரைப் படங்களில் வந்த அந்த அமெரிக்க நடிகர். அவர் பெயரை யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. அதனால் கட்டடம் முழுக்கத் தொப்பிக்காரர்தான். அவருக்கென்று கடையில் தனித் தட்டு இருந்தது. ஜன்னல் பக்கம், கீழேயிருந்து இரண்டாவது. கடைக்குள் போனால் ஏசியின் ஈர வாடையும் புது பிளாஸ்டிக் வாடையும் சேர்ந்து அடிக்கும். மாமா யாழ்ப்பாணத்துக்காரர். கேசட்டை எடுத்துக் கொடுக்கும்போது துடைத்துத்தான் கொடுப்பார்.

"இந்த மனிசன்ர படம் எண்டால் எங்கட கட்டடத்துப் பிள்ளையளுக்கு விசர்" என்பார். விசர் என்றால் பைத்தியம். "தமிழ்ப் படம் கூட இவ்வளவு ஓடேல்ல."

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் வீட்டு சிவப்புக் கம்பளத்தில் உட்கார்ந்து பார்ப்போம். படத்தில் இங்கிலீஷ் பேசுவார்கள், கீழே அரபு எழுத்து ஓடும். நமக்கு இரண்டும் பாதிப் பாதி. இவன்தான் கதை சொல்லுவான். "அவன் சொல்லுறான், இது என்ர ஊர், நீ வெளிய போ எண்டு" என்பான். அது உண்மையா, அவனாகக் கட்டியதா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இன்றைக்கும் தெரியாது. வளர்ந்த பிறகு சில படங்களைத் தேடிப் பார்த்தேன். இவன் சொன்ன கதை ஒன்றுகூட இல்லை.

கட்டுரையில் தொப்பிக்காரரின் வாழ்க்கையை வரிசையாக எழுதியிருந்தான். முதலில் படப்பிடிப்புக் குதிரைகளுக்குத் தீனி வைத்தாராம். பிறகு பெரிய நடிகர்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுந்தாராம். பிறகு ஒரு வரி வசனம். பிறகு முப்பது வருடம் கதாநாயகன், கடைசியில் மூச்சு வாங்கும் கிழட்டு போலீஸ்காரன். எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் நாம் அப்படியா பார்த்தோம்? கைக்குக் கிடைத்த கேசட்டைப் பார்த்தோம். ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குத் தொந்தி இருக்கும், முடி நரைத்திருக்கும், குதிரையில் ஏறுவதைக் காட்டாமல் ஏறி உட்கார்ந்த பிறகு காட்டுவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒல்லியாக, ஓடும் குதிரையில் தாவி ஏறுவார். நம்மிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் செத்து வருடங்கள் ஆகியிருந்தன. அதையும் யாரும் சொல்லவில்லை.

அதனால் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. வெளியே சொன்னதில்லை. ஆட்கள் கிழவராவார்கள், பிறகு திரும்பவும் வாலிபராவார்கள் என்று ஒன்பது வயதுவரை நம்பினேன்.

நம்பக் காரணம் இருந்தது. என் அப்பா சவுதியில், ஜுபைலில், ஒரு ரசாயன ஆலைக்குக் குழாய் போடும் கம்பெனியில் வேலை பார்த்தார். கேம்பில் குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது. அம்மா அஜ்மானில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். இரண்டு பேருக்கும் வேலை வேண்டும். அதனால் இரண்டு நாட்டில் இருந்தார்கள். அப்பா வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். ஒவ்வொரு தடவையும் முடி குறைந்து, கன்னம் ஒட்டி வருவார். எனக்குக் கவலையே வந்ததில்லை. அடுத்த தடவை முடியோடு வருவார் என்று காத்திருந்தேன். பிறகு லீவே கிடைக்காமல் இரண்டு வருடம் வரவில்லை. மூன்றாவது வருடமும் இல்லை என்று கடிதம் வந்தது.

அந்த மூன்றாவது வருடத்தின் வெயில் காலத்தில்தான் கேசட் வந்தது.

நம் பிள்ளைகளின் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்போது விமானத்தில் வீடியோ கேசட் கொண்டு போனால் ஏர்போர்ட்டில் பிடுங்கி வைப்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். சில சமயம் தரவே மாட்டார்கள். பேர் ஒட்டாத கேசட் என்றால் சந்தேகம் அதிகம். அதனால் நம் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அனுமதி முத்திரை ஒட்டிய ஏதாவது படத்தை எடுத்து, அதன் நடுவில் தங்கள் கல்யாணத்தையோ குழந்தையின் முதல் பிறந்தநாளையோ பதிந்துவிடுவார்கள். அதிகாரி தொடக்கத்தைக் கொஞ்சம் பார்ப்பார், ஓட்டிப் பார்ப்பார், கொடுத்துவிடுவார். மேல்மாடி அத்தையின் தம்பி கல்யாணத்தை நாம் ஒரு குஸ்திப் படத்தின் நடுவில் பார்த்தோமே. ஒருவன் இன்னொருவனைத் தூக்கினான், கீழே போடுவதற்குள் தாலி கட்டினார்கள்.

கடைக் கேசட்டில் யாரும் தெரியாமல் பதிந்துவிடாமல் இருக்க, முதுகுப்பக்கம் ஒரு சின்னத் துண்டை உடைத்திருப்பார்கள். அந்த ஓட்டையின் மேல் எதையாவது ஒட்டினால்தான் பதிய முடியும். இது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை நினைவில் வையுங்கள்.

அன்றைக்கு அம்மா டூட்டியில் இருந்தாள். கதவைத் தட்டியது அப்பாவின் கேம்ப் கூட்டாளி. கம்பெனி மாறி ஷார்ஜா வந்திருந்தார். உள்ளே வரவில்லை. படியில் நின்றார். ஒரு வேட்டித் துணியில் சுற்றிய கேசட்டைக் கொடுத்தார். அட்டையில் தொப்பிக்காரர் படம்.

"அம்மாட்ட குடு பாப்பா. அப்பா குடுத்து விட்டாங்க. முழுசா பாக்கணும், நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாங்க. மறக்காம சொல்லுவியா?"

"நான் இந்தப் படம் பாத்தாச்சு மாமா."

அவர் படியின் மேலும் கீழும் பார்த்தார். கீழே வாட்ச்மேன் தண்ணீர் டேங்கர்க்காரனோடு கத்திக்கொண்டிருந்தான். "பாத்திருந்தாலும் திரும்பப் பாரு" என்றார். "அம்மாவோட இருந்து பாரு." போய்விட்டார்.

நான் கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு ஓட்டையின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற, தோல் நிறப் பிளாஸ்திரி. அதன் ஓரத்தை நகத்தால் பிய்த்து விளையாடினேன். பதிந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அல்லது புரிந்து மறந்தேனா? விஷயம் தெரிந்த நாளிலிருந்து இந்த இடத்தில்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். பிளாஸ்திரி உண்மையிலேயே இருந்ததா, பிறகு நானாக ஒட்டிக்கொண்டேனா என்றுகூடச் சில நாள் சந்தேகம் வருகிறது.

அம்மா வந்ததும் சொன்னேன். வெள்ளைச் சட்டையைக் கூட மாற்றவில்லை, காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கேசட்டைக் கையில் வாங்கினாள். அட்டையைப் பார்த்தாள்.

"என்னட்டி இது?"

"படம். முழுசா பாக்கணுமாம். நடுவுல நிறுத்தக் கூடாதாம்."

"மூணு வருசமா ஆளைக் காணல. குதிரைப் படம் அனுப்பிருக்காரு. அதையும் முழுசா பாக்கணுமாம்லா. நான் என்ன இங்க சும்மாவா உக்காந்திருக்கேன்?"

ஆனாலும் டெக்கில் போட்டாள். அதைச் சொல்லிவிட வேண்டும், அவள் போட்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தூசி கிளப்பிக்கொண்டு வண்டி வந்தது. தொப்பிக்காரர் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். யாரோ யாரையோ அடித்தார்கள். பத்து நிமிடம் இருக்கும். அம்மா எழுந்து போய் நிறுத்தினாள். முகத்தில் ஏதோ எதிர்பார்த்து ஏமாந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அதைக் கோபம் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஏன் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை என்று கேட்பீர்கள். ஊரிலிருந்து வரும் கேசட்டில்தான் நடுவில் ஏதாவது இருக்கும். கேம்பிலிருந்து வருவதில் என்ன இருக்கும்? எட்டுப் பேர் படுக்கிற ரூம். அதை விட, அப்பா பேசுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் ஒலி கேசட்டில் பேசி அனுப்புவார்கள், அழுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். அப்பா ஒரு தடவைகூட அனுப்பியதில்லை. கடிதமே அரைப் பக்கம்தான். அவர் ஒரு கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவார் என்று அம்மாவுக்குத் தோன்றியே இருக்காது.

மறுநாள் கேசட்டைக் கடைக்கு எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன்.

மாமா திருப்பிப் பார்த்தார். "இது எங்கட கடைச் சாமான் இல்லையே அக்கா. எங்க எடுத்தனீங்கள்?"

"இவ அப்பா அனுப்புனது. எங்களுக்கு வேண்டாம். நீங்க வச்சுக்கிட்டு ஒரு தமிழ்ப் படம் தாங்க."

"அவர் அனுப்பினதை ஏன் அக்கா... வீட்டில இருக்கட்டுமே."

"வச்சுக்கிடுங்கண்ணே. இந்த ஆளைப் பாக்க உங்க வீட்லதான் கூட்டம் இருக்கு."

மாமா தயங்கினார். பிறகு ஒரு துணியால் துடைத்துத் தட்டில் வைத்தார். மேஜைக்குப் பின்னால் இவன் நின்றுகொண்டிருந்தான். "அப்பா, இது எங்களிட்ட இல்லாத படம்" என்றான். அவன் சந்தோஷப்பட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கும் பெருமையாக இருந்தது. என் வீட்டுக் கேசட் அவர்கள் தட்டில். அந்தப் படத்தை நான் அதற்கு முன்னாலேயே பார்த்திருந்ததாகக் கூட்டாளி மாமாவிடம் சொன்னது பொய் என்பதும் அங்கேதான் வெளியே வந்தது. நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு ஆகாத படம் என்று, அதை அவர்கள் போட்ட வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே போனதில்லை.

இரண்டு வாரம் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. மூன்று வரி. கேசட் கிடைத்ததா, முழுசாகப் பார்த்தீர்களா, பார்த்துவிட்டுப் பதில் எழுது. வேறு எதுவும் இல்லை. கடிதத்தை யார் யாரோ பிரிப்பார்கள் என்று எல்லாருக்கும் பயம். அதனால் விவரம் எழுதியிருக்க மாட்டார்.

அம்மா இரவு டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைத்தான் எழுதச் சொன்னாள். என் தமிழ்க் கையெழுத்து கெட்டுப்போகக் கூடாது என்று அப்பாவுக்குக் கடிதம் எப்போதும் நான்தான் எழுதுவேன்.

"பாத்தாச்சுன்னு எழுது" என்றாள் தலையை வாரிக்கொண்டே.

"முழுசா பாக்கலியே?"

"பாத்தாச்சுன்னு எழுதுட்டி. எந்தப் படம் பாத்தோம்னு பரீட்சையா வைக்கப் போறாரு?"

எழுதினேன். முழுவதும் பார்த்தோம் என்று எழுதினேன். பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அப்பா சந்தோஷப்படட்டும் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். தொப்பிக்காரர் படம் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் பார்க்காமலே எழுதினேன்: "படம் நன்றாக இருந்தது அப்பா. கடைசியில் அவர் தனியாகப் போய்விடுவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது."

அம்மா படித்துப் பார்க்கவில்லை. ஒட்டி அனுப்பினோம்.

அதற்குப் பிறகு அப்பா அஜ்மானுக்கு வரவில்லை. லீவு கிடைத்தும் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஜுபைலிலிருந்து நேராக ஊருக்குப் போனார், தன் அண்ணன் வீட்டு மாடியில் இருந்துகொண்டார். சண்டை கிடையாது, பிரிவு என்று யாரும் சொன்னது கிடையாது. என் கல்யாணத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று சாம்பாரில் உப்புக் குறைவு என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அம்மா நினைத்தாள். அவளுக்கு அஜ்மான் வாழ்க்கை பிடித்துப்போய்விட்டது என்று அவர் நினைத்தார். நான் இரண்டையும் நம்பினேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். "நீங்க ஏம்ப்பா அப்புறம் வரவே இல்ல?"

"நான் கேட்டேன். நீதான எழுதியிருந்த."

"என்ன எழுதுனேன்?"

"விடு மக்ளே" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன்.

அவர் இறந்தபோது அந்தக் கூட்டாளி மாமா வந்தார். மாலை போட்டுவிட்டு, பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"பேசத் தெரியாத மனுசன் ஒரு நாள் பேசுனாரேம்மா, அந்தக் குதிரைப் படத்து நடுவுல. எங்க சூப்பர்வைசர் கேமரா வச்சிருந்தான். சட்டையை இஸ்திரி போட்டு வந்து உக்காந்தார். கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து மடியில வச்சுக்கிட்டார்."

"என்ன பேசுனாங்க?"

"என்னை வெளிய போகச் சொல்லிட்டார். ஒரு பத்து நிமிசம் இருக்கும். வெளிய வந்து, கேட்டுட்டேன்டா, இனி அவ சொல்லணும்னார். நீங்க பாத்தீங்கள்ல?"

பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். "பாத்தாச்சுன்னு நாந்தான் எழுதச் சொன்னேன்" என்றாள். அவரிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா தெரியாது. அடுத்த ஐந்து வருடம் உயிரோடு இருந்தாள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நான் அந்தக் கடிதத்தில் சேர்த்த வரியை, அப்பா தன் கேள்விக்குப் பதில் என்று எடுத்துக்கொண்ட வரியை, அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. இங்கேதான் முதல்முதலாகச் சொல்கிறேன்.

கேசட் போயிற்று, யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றியிருந்தேன். அப்போதுதான் இவன் கட்டுரை வந்தது. மூன்றாம் பக்கம். "தொப்பிக்காரரின் படங்களிலேயே நாங்கள் அதிகம் பார்த்தது இதுதான். எங்கள் கேசட்டில் ஒரு வேடிக்கை உண்டு. சரியாகப் பெரிய சண்டை தொடங்கும் நேரத்தில் பனியன் போட்ட யாரோ ஒரு ஆள் மடியில் மஞ்சள் ஹெல்மெட்டோடு கட்டிலில் உட்கார்ந்து பேசுவார். நாங்கள் நாலு பேரும் சிரித்து, ஃபார்வர்டு பட்டனை அமுக்குவோம்."

வேடிக்கையாம்.

தொப்பிக்காரர் நமக்குத் தைரியத்தையும் நேர்மையையும் கற்றுக்கொடுத்தார் என்று அதே கட்டுரையை முடித்திருக்கிறாய். என்ன கற்றுக்கொண்டாய்? அவர் எல்லாப் படத்திலும் யாரிடமும் எதுவும் கேட்காமல் குதிரையில் ஏறிப் போனார். அது தைரியம் என்று நீ எழுதுகிறாய், நானும் அப்படித்தான் ஒன்பது வயதில் எழுதினேன். கேட்கத் துணிந்த ஆள் அந்தப் படத்தில் ஒருத்தர்தான் இருந்தார். அவரை ஓட்டிவிட்டீர்கள்.

நீ எழுதிய பெயரை வைத்து அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன். அப்பா எந்த இடத்தை அழித்துவிட்டுப் பேசினார் என்று தெரிந்துகொள்ள ஆசை. சண்டைக்கு முன்னால் குதிரைக்கு லாடம் அடிக்கிறார்கள். அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. கூட்டாளி மாமா இஸ்திரி போட்ட சட்டை என்றார். நீ பனியன் என்கிறாய். இரண்டு பேரில் ஒருவருக்கு ஞாபகம் பிசகியிருக்கிறது. அல்லது அது வேறு கேசட், வேறு யாருடைய அப்பாவோ. ஜுபைலில் மஞ்சள் ஹெல்மெட் ஒரு ஆளிடமா இருந்தது? அப்படியென்றால் அதையும் சொல். வேறு ஒரு குடும்பம் பதிலுக்குக் காத்திருந்திருக்கும்.

நீ எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். "அக்கா, எனக்குத் தெரியாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தனியாக் கதைப்பம்" என்று. வேண்டாம். மன்னிப்பு எனக்கு வேண்டாம். நீ அன்றைக்குச் சின்னப் பையன், நான் உனக்கு மேல் பொய் எழுதியவள். அந்தக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் தனியாகப் பேச மாட்டேன். தனியாகப் பேசினால் நீ கதை கட்டுவாய். அந்தக் கம்பளத்தில் அதைத்தான் செய்தாய். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அழகாக ஏதாவது சொல்லிவிடுவாய், நானும் நம்பிவிடுவேன்.

நாலு பேர் என்று எழுதியிருக்கிறாய். மற்ற மூன்று பேரும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் ஒன்றுகூடலுக்கு எல்லாரும் வருகிறீர்கள். அங்கே மேடையில் ஏறு. மற்ற மூன்று பேரும் முன் வரிசையில் உட்காரட்டும். நீ தப்பாகச் சொன்னால் அவர்கள் எழுந்து திருத்தட்டும். யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்று நாலு பேரும் மைக்கில் சொல்லுங்கள்.

பட்டனை அமுக்குவதற்கு முன்னால் எப்படியும் சில நொடி அவர் குரல் வந்திருக்கும். அவர் பேசியது தமிழ், உனக்குப் புரிந்த பாஷை. அரபு எழுத்துத் தேவையில்லை. அந்தச் சில நொடியில் அவர் முதலில் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்? என்ன கேட்டார்? எல்லார் முன்னாலும் சொல்.